காரைக்குடி கவுன்சிலர் நேரடியாக எம்.பி. ஆகலாமா?

எம்.எல்.ஏ. ஆகாமலே கவுன்சிலர் ஒருவர் எம்.பி. தேர்தலில் நிற்கலாமா என்கிறீர்கள். தாராளமாக நிற்கலாம். கவுன்சிலருக்கு 21 வயது போதும், எம்.பி.க்கு 25. அப்புறம் டெபாசிட் 25,000 ரூபாய்; பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குப் பாதி.

சிக்கல் பரப்பளவில்தான். சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் என்று ஓடியவரைக் காரைக்குடியில் அவர் வார்டு அறியும். சிவகங்கை மக்களவைத் தொகுதியிலோ திருப்பத்தூர், மானாமதுரை எல்லாம் உண்டு; புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயமும் ஆலங்குடியும்கூட அதில்தான். ஆலங்குடிக்காரருக்கு இவரை எப்படித் தெரியும்? அங்கே சின்னம்தான் பேசும். ஆகவே கட்சியில் சீட்டு வாங்குவதுதான் பெரிய மலை என்பேன்.

ஜெயித்தாலும் வேலை வேறு. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதியில் பணிகளைப் பரிந்துரைக்கலாம்; செய்வது மாவட்ட நிர்வாகம். சாக்கடை அடைப்புக்கு மக்கள் மறுபடி கவுன்சிலரைத்தான் தேடுவார்கள்.