நர்சிங் முடித்தவருக்கு எம்.எச்.ஏ.வா, எம்.பி.ஏ.வா?

கேள்வி: சொந்த ஊர் அம்பாசமுத்திரம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். இப்போது வார்டு இன்சார்ஜ். நிர்வாகப் பக்கம் போக ஆசை. ஹாஸ்பிட்டல் மேனேஜ்மென்ட் எம்.பி.ஏ.வை கரஸ்ஸில் படிக்கலாமா, வேலையை விட்டுவிட்டு எம்.எச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுகலை) சேரலாமா? கைக்குழந்தை இருக்கிறது.

பதில்: வேலையை விடாதீர்கள். குழந்தைக்காக மட்டும் சொல்லவில்லை. நேராக டிகிரி முடித்துவிட்டு வருகிறவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது.

காலை பத்து மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸில் "வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவிடுவார். கூட இருக்கிற அம்மா ஃபிளாஸ்க்கையும் போர்வையையும் ஒயர் கூடையில் அடுக்கி வைத்துக்கொண்டு நாலு மணி வரை கட்டிலோரம் உட்கார்ந்திருப்பார். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகவில்லை, மிச்ச மருந்து ஃபார்மசிக்குத் திரும்பவில்லை, இன்சூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை. முதல்வர் காப்பீடா, தனியார் பாலிசியா என்பதைப் பொறுத்துத் தாமதம் மாறும். இது எங்கே முட்டுகிறது என்று உங்களுக்குத் தெரியும். நிர்வாகப் படிப்பில் 'ஆபரேஷன்ஸ்' என்ற பேரில் சொல்லிக்கொடுப்பதில் பாதி இதுதான்.

உங்களுக்கு இல்லாதது கணக்கு. 100 படுக்கை, 30 நாள் என்றால் மாதம் 3,000 படுக்கை நாட்கள். அதில் 2,250 நிரம்பினால் 75 சதவீதம். அந்த மாதம் 450 பேர் டிஸ்சார்ஜ் ஆனால் ஒருவர் சராசரியாக 5 நாள் தங்குகிறார். அதை 4 நாளாக்கினால், ஒரு கட்டில்கூட வாங்காமல் அதே 2,250 நாளில் 560 பேருக்கு மேல் பார்க்கலாம். இந்த மாதிரிக் கணக்கும், பட்ஜெட்டும், ஆட்களை நிர்வகிப்பதும், மருத்துவமனைகளுக்குத் தரப்படும் என்.ஏ.பி.எச். தரச்சான்றுக்கான ஆவண வேலையும் கற்கத்தான் படிப்பு.

எம்.எச்.ஏ. மருத்துவமனைக்கென்றே உள்ள படிப்பு, இரண்டு வருடம். மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகத்தில் நர்சிங் முடித்தவரும் சேரலாம். டெல்லி எய்ம்ஸில் உள்ள மருத்துவமனை நிர்வாக மேற்படிப்போ எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர்களுக்கு மட்டும். பாடம் ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். பக்கத்தில்தானே என்று திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தின் எம்.பி.எச்.சையும் சிலர் கேட்பதுண்டு. அது பொது சுகாதாரம், வேறு பாதை.

கைக்குழந்தையோடு மும்பை எங்கே போவது? உங்களுக்குத் தொலைநிலை எம்.பி.ஏ. போதும். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் பாடத்துக்கு, நீங்கள் சேரும் ஆண்டுக்கு யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் இணையதளத்திலேயே பாருங்கள். ஜங்ஷன் பக்கம் நோட்டீஸ் கொடுக்கிற ஸ்டடி சென்டர்காரர் பேச்சை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

அரசு மருத்துவமனை நிர்வாகம் மனதில் இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் டீனும் சரி, ஆர்.எம்.ஓ.வும் (நிலைய மருத்துவ அலுவலர்) சரி, டாக்டர்கள்தான். எம்.பி.ஏ. அந்த நாற்காலிக்கு வழியில்லை.

தொலைநிலையில் பெரிய ஓட்டை, செய்முறைப் பயிற்சி இல்லாதது. அதை நீங்களே அடைத்துக்கொள்ள வேண்டும். படிக்கிற காலத்தில் பில்லிங்கில் மூன்று மாதம், இன்சூரன்ஸ் டெஸ்க்கில் மூன்று மாதம் மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். கண் மருத்துவத்தில் ஆர்வம் இருந்தால், அரவிந்த் கண் மருத்துவமனையின் லைகோ நிறுவனம் மதுரையில் நிர்வாகத்துக்கென்றே குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. 1992 முதல் இயங்குகிற இடம்.

குழந்தை வளர்ந்தபின் நேரடி வகுப்பில் சேர நினைத்தால், கட்டணம் கட்டுமுன் பழைய மாணவர் இரண்டு பேரிடம் பேசுங்கள். இன்டர்ன்ஷிப்பில் எங்கே உட்கார வைத்தார்கள் என்று கேளுங்கள். "ரிசப்ஷன்ல" என்று பதில் வந்தால் அந்தக் கல்லூரி வேண்டாம்.