வலிக்காத இடம்தான் வம்பு

கேள்வி: எங்கள் அத்தைக்கு (மாமியார்) 67 வயது. எட்டு வருஷமாக இன்சுலின் ஊசி போடுகிறார். தொப்புளுக்கு வலப்பக்கம் சின்ன எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி மாதிரி இருக்கிறது, ஆனால் வலி இல்லை. போன மாதம் வேறு இன்சுலினுக்கு மாற்றினார்கள், அதிலிருந்து குத்திய இடமெல்லாம் சிவந்து அரிக்கிறது. சுகரும் ஒரு நாள் 300, ஒரு நாள் 80 என்று ஆடுகிறது. 'ஊசி உனக்கு ஆகல, நிப்பாட்டிரு' என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொல்கிறார். நிறுத்தலாமா டாக்டர்?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: நிறுத்தக் கூடாது அம்மா. ஆச்சி நல்ல மனசோடுதான் சொல்கிறார், ஆனால் கட்டியும் அரிப்பும் ஒரே வியாதி என்று நினைத்துவிட்டார். இரண்டும் வேறு வேறு.

கட்டியை முதலில் பார்ப்போம். இன்சுலினுக்குக் கொழுப்பை வளர்க்கும் குணம் உண்டு. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போட்டால் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு வீங்கித் தடித்துவிடும், ஒரே ஊசியைப் பல தடவை பயன்படுத்தினால் இன்னும் சீக்கிரம் தடிக்கும். அந்த இடத்தில் உணர்ச்சி குறைவு, குத்தினால் தெரியாது. 'இங்க போட்டா வலிக்கவே மாட்டேங்கு டாக்டர்' என்று என்னிடம் சந்தோஷமாக வயிற்றைக் காட்டுகிறவர்கள் நிறைய. வலிக்காததால் அங்கேயே போடுகிறார்கள், போடப்போட கட்டி பெரிதாகிறது. அங்கே போகும் மருந்து ரத்தத்தில் ஒழுங்காகக் கலக்காது, இன்றைக்கு மெதுவாக, நாளைக்கு வேகமாக. 300, 80 என்று சுகர் ஆடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். 'சோத்தைக் குறை' என்று அத்தையைத் திட்டுவதற்கு முன்னால் வயிற்றைத் தடவிப் பாருங்கள், சில கட்டி கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தட்டுப்படும்.

அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டால் சில மாதங்களில் தானாக அமுங்கும். வயிற்றில் மற்ற பகுதி, தொடையின் முன்பக்கம், வெளிப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் ஒரு விரல் அகலமாவது இடைவெளி இருக்கட்டும், தொப்புளை ஒட்டி வேண்டாம். ஆனால் ஒன்று, இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: கட்டியில் போட்ட அதே அளவை நல்ல இடத்தில் போட்டால் மருந்து முழுசாக வேலை செய்து சுகர் கிடுகிடுவென்று இறங்கிவிடும். அதனால் இடம் மாற்றும் முன்பே டாக்டரிடம் சொல்லி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள், முதல் சில நாள் அடிக்கடி சுகர் பாருங்கள். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நம்ம ஊர்க்காரர்கள் அல்வாவைத் தேடி ஓடுவார்கள், அது அந்த நேரத்துக்கு உதவாது, நெய் சேர்ந்திருப்பதால் இனிப்பு ரத்தத்தில் ஏற நேரமாகும்.

இனி அரிப்பு. புது மருந்துக்கு மாறிய பிறகு வந்ததால் ஒவ்வாமையாக இருக்கலாம். இன்சுலினே காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை, மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் மெட்டாகிரெசால், சில வகைகளில் சேர்க்கும் புரோட்டமின், இவையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. குத்திய இடத்தோடு நிற்கும் சிவப்பு பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் டாக்டர் வேறு வகைக்கு மாற்றுவார். அதற்குள் சின்ன விஷயங்களையும் கவனியுங்கள். ஸ்பிரிட் காயும் முன் குத்துகிறாரா? பிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற மருந்தை அப்படியே போடுகிறாரா? இரண்டும் எரிச்சல் தரும். பிரிட்ஜ் இல்லாத வீடென்றால் காருகுறிச்சிப் பானை ஒன்றில் ஈர மணல் போட்டு, மருந்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நிழலில் வையுங்கள், நம்ம சித்திரை வெயிலுக்கு அதுவே பெரிய உதவி.

உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடோ முகமோ வீக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றல், இதில் எது வந்தாலும் என் பதிலைப் புரட்டிக்கொண்டு இருக்காதீர்கள், உடனே 108. குத்திய இடம் சூடாகிச் சீழ் கட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஊசி போட்ட இடத்தில் தொல்லை என்பது இன்சுலின் பிறந்த அன்றைக்கே வந்ததுதான். 1922 ஜனவரியில் டொராண்டோவில் ஒரு 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டபோது குத்திய இடத்தில் கட்டி வந்தது, மருந்து சுத்தமாக இல்லை. இன்னும் சுத்தம் செய்து அதே மாதம் மறுபடி போட்டார்கள், பையன் தேறினான். அவர்களும் ஊசியே வேண்டாம் என்று கைவிடவில்லை, பாருங்கள்.

கேள்வி: எனக்கு ஊசி போடும் தொடையில் கட்டிக்குப் பதில் பள்ளம் விழுந்திருக்கிறது. இது என்ன?
- வாசகர், வள்ளியூர்

பதில்: அங்கே கொழுப்பு கரைந்திருக்கிறது. மாடு, பன்றியிலிருந்து எடுத்த பழைய இன்சுலின் காலத்தில் இது சாதாரணம், இப்போது அபூர்வம். பள்ளத்துக்குள் போடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள், மருந்து வகையை மாற்ற வேண்டியிருக்கலாம்.

கேள்வி: இன்சுலின் போடுவதால்தான் கழுத்து கறுத்துவிட்டதா?
- வாசகி, மேலப்பாளையம்

பதில்: ஊசி மேல் பழி போடாதீர்கள், பெரும்பாலும் அதற்கு முன்பே ஆரம்பித்திருக்கும். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுக்கும். தேய்த்துக் குளித்துப் போகாது, எடை குறைந்தால் மெல்ல வெளுக்கும். வீட்டில் பிள்ளைகளுக்கு இப்படி இருந்தால் 'அழுக்கு' என்று பீர்க்கங்கூட்டால் உரசாமல் ஒரு தடவை சுகர் பார்த்துவிடுங்கள்.