தலைவர்கள் பேச வரும் அரங்கில் வெளிநாட்டு மாணவர் வாய் திறக்கலாமா?

அன்புத் தம்பிக்கு வணக்கம். பிரிட்டனில் முதுகலை படிக்க வந்து ஒரு பருவம்கூட முடியவில்லை, அதற்குள் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு முன்னாள் பிரதமர் ஒருவரும் இந்நாள் அமைச்சர் ஒருவரும் பேச வருகிறார்கள், நுழைவுச்சீட்டும் கிடைத்துவிட்டது, ஆனால் விசாவில் இருப்பவர்கள் அரசியல் கூட்டத்தில் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவதே நல்லது என்று அறைத்தோழர்கள் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். முன்பக்கமாக உட்காருங்கள். கேள்வியும் கேளுங்கள்.

உங்கள் தோழர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு அடிப்படை இல்லை. மாணவர் விசாவின் கட்டுப்பாடுகள் வேறு வகையானவை. பட்டப்படிப்பு மாணவர்கள் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, அரசின் நலத்திட்ட உதவிகளைப் பெறக் கூடாது, படிப்பை ஒழுங்காகத் தொடர வேண்டும் என்பன போன்றவையே அவை. ஒரு கூட்டத்துக்குப் போவதையும் அங்கே மரியாதையாக ஒரு கேள்வி கேட்பதையும் எந்த விசா விதியும் தடுக்கவில்லை. மாறாக, தங்கள் வளாகத்தில் மாணவர்களுக்கும் வெளியிலிருந்து வரும் பேச்சாளர்களுக்கும் பேச்சுரிமையை உறுதி செய்ய வேண்டிய சட்டக் கடமை இங்கிலாந்து, வேல்ஸ் பல்கலைக்கழகங்களுக்கு 1986 முதலே உண்டு. கூச்சலிட்டுக் கூட்டத்தைக் குலைப்பதும் மேடையை மறிப்பதும் வேறு விஷயம். அப்படிச் செய்பவர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் வெளியேற்றப்படுவார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றை இங்கே வரும் நம் மாணவர்களில் பலர் அறியாமலே படிப்பை முடித்துத் திரும்பிவிடுகிறார்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் 18 வயது நிரம்பி, முறையான விசாவுடன் இங்கு வசித்தால், பிரிட்டனின் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். மாணவர் விசாவும் இதில் அடங்கும். வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிய இணையத்தில் சில நிமிடங்கள் போதும்; வாக்குச்சாவடியில் உங்கள் இந்தியக் கடவுச்சீட்டையே அடையாளச் சான்றாகக் காட்டலாம். ஆகவே அந்த அமைச்சர் உங்கள் வாக்கையும் கேட்டு நிற்க வேண்டியவர். அவர் முன்னால் நீங்கள் வெறும் விருந்தாளியாகக் கூசி உட்கார வேண்டிய அவசியமே இல்லை.

அவர்கள் எடுக்கும் முடிவுகள் உங்கள் வாழ்க்கையை நேரடியாகத் தொடுகின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள். படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் இங்கே வேலை செய்ய வழிவிட்ட விசா 2012-இல் மூடப்பட்டது. அப்போது உள்துறை அமைச்சராக இருந்தவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் தெரசா மே. அதே கட்சியைச் சேர்ந்த போரிஸ் ஜான்சன் பிரதமராக இருந்தபோது, 2019-இல், அது திரும்ப வரும் என்று அறிவிக்கப்பட்டு 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜனவரி முதல், ஆய்வு சாராத முதுகலைப் படிப்புக்கு வருபவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ உடன் அழைத்துவர முடியாமல் போனது. அந்த வேலை விசா இல்லாத இடைக்காலத்தில் வந்தவர்கள் படித்து முடித்த கையோடு பெட்டி கட்டியதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த முடிவுகளை எடுத்தவர்கள் பத்தடி தூரத்தில் நிற்கும்போது, அவற்றால் பாதிக்கப்படுபவர்கள் மௌனமாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி, கேட்கும் முறையைப் பற்றி. இத்தகைய கூட்டங்களில் கேள்வி நேரம் கடைசியில்தான் வரும். அதுவும் பேச்சு நீண்டால் சுருங்கிவிடும். பேச்சு முடிந்து கைதட்டல் ஓயும்போதே கை உயர்ந்திருக்க வேண்டும், ஏனெனில் முதலில் கண்ணில் படும் கைகளைத்தான் நெறியாளர் குறித்துக்கொள்வார். வரிசையின் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் நடைபாதையை ஒட்டிய இருக்கையைப் பிடியுங்கள்; மைக்கோடு ஓடிவரும் மாணவத் தொண்டர் உங்களை எளிதில் எட்டலாம். அவர் பெரும்பாலும் மைக்கை உங்கள் கையில் கொடுக்காமல், தானே பிடித்துக்கொண்டு முகத்தருகே நீட்டுவார். யாரேனும் பிரசங்கம் செய்யத் தொடங்கினால் உடனே இழுத்துக்கொள்வதற்காகத்தான் அப்படி. அதனால் பதற்றப்படாமல், பெயரையும் துறையையும் சொல்லிவிட்டு நேரே கேள்விக்கு வாருங்கள்.

நெறியாளர்கள் பலர் மூன்று கேள்விகளைச் சேர்த்து வாங்கிப் பேச்சாளரிடம் கொடுப்பார்கள். அனுபவமுள்ள அரசியல்வாதி அவற்றில் தனக்குப் பிடித்த ஒன்றுக்கு விரிவாகப் பதில் சொல்வார். கடினமான கேள்வி சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். இதைத் தவிர்க்க முழு உத்தரவாதம் எதுவும் இல்லை. ஆனாலும் கேள்வி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நழுவுவது கடினம். 'வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி உங்கள் கருத்து என்ன?' என்று கேட்டால், 'அவர்கள் இந்த நாட்டுக்குப் பெரும் சொத்து' என்ற பதிலோடு முடிந்துவிடும். வரப்போகும் முன்னாள் பிரதமர் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர் என்றால், 'படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை உங்கள் கட்சி தலைமையிலான அரசு 2012-இல் மூடியது, உங்கள் கட்சி அரசே 2021-இல் திறந்தது. முதல் முடிவு சரியில்லை என்று எந்த ஆதாரம் உங்களுக்குக் காட்டியது?' என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டுகள் இருக்கின்றன, செய்தவர் யார் என்பது இருக்கிறது, கேட்பது ஒன்றே ஒன்று. அரங்கமே பதிலுக்காகக் காத்திருக்கும். இதை முந்தைய இரவே தாளில் எழுதி, உரக்கப் படித்து, அரை நிமிடத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். மெதுவாகப் பேசினால் போதும்.

வெளிநாட்டு மாணவர்கள் இந்நாட்டு அரங்குகளில் ஒதுங்கி நின்றவர்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1823-இல் தொடங்கிய ஆக்ஸ்போர்டு யூனியன் விவாத மன்றத்தில் 1964 டிசம்பரில் அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் பேசியபோது, அதன் தலைவராக இருந்தவர் ஜமைக்காவிலிருந்து படிக்க வந்த எரிக் ஏப்ரஹாம்ஸ். அதற்கு முன் 1959-இல் அதே பதவியில், பின்னாளில் இலங்கையின் வெளியுறவு அமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமர் இருந்தார். 1977-இல், பின்னாளில் பாகிஸ்தான் பிரதமரான பெனசீர் புட்டோ இருந்தார். பேசுபவரை அழைக்கும் நாற்காலியிலேயே அவர்கள் அமர்ந்திருந்தார்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை உண்டு. இக்கூட்டங்கள் பெரும்பாலும் ஒளிப்பதிவாகி யூடியூபில் நிலைத்துவிடும். பேச வருபவர் உங்கள் சொந்த நாட்டின் ஆட்சியாளர் என்றால், முகமும் பெயரும் பதிவாவதை வீட்டாரோடு கலந்து யோசித்துவிட்டு முடிவெடுங்கள். பெயரைச் சொல்லாமல் துறையை மட்டும் சொல்வதில் தவறில்லை. பிரிட்டிஷ் தலைவர்களிடம் கேட்பதற்கு இந்தத் தயக்கம் தேவையில்லை.

உடை சாதாரணமாக இருந்தால் போதும். பெரிய பையைத் தவிர்த்துவிடுங்கள், வாசலில் சோதனை இருக்கும். மாணவர் அட்டையை மறக்காதீர்கள். இலவசச் சீட்டுகளை இருக்கைகளைவிடக் கூடுதலாகக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம் என்பதால், சீட்டு இருக்கிறது என்று நம்பிக் கடைசி நேரத்தில் போகாதீர்கள்.

வாய்ப்புக் கிடைக்காமல் போனாலும் கேள்வி வீணாகாது. நீங்கள் குடியிருக்கும் தொகுதியின் எம்.பி.க்கு அதையே கடிதமாக எழுதலாம். அவர் தொகுதி மக்களைச் சந்திக்கும் நாளில் நேரில் போயும் கேட்கலாம். நாடாளுமன்றம் கூடும் காலத்தில் புதன்கிழமை நண்பகலில் பிரதமர் கேள்விகளுக்குப் பதில் சொல்வதைப் பார்க்க, அதே எம்.பி.யின் அலுவலகம் மூலம் இலவசச் சீட்டும் கேட்டுப் பெறலாம். இப்போதைக்கு உங்கள் கேள்வியை எழுதி எனக்கு அனுப்புங்கள். எங்கே சுருக்கலாம் என்று அக்கா பார்த்துச் சொல்கிறேன்.