புல் கருகினாலும் பனியில் மாடு செத்தாலும்: அமெரிக்கக் கால்நடைப் பண்ணை நிவாரணம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பக்கத்துப் பண்ணைக்காரருக்கு வறட்சி நிவாரணம் வந்துவிட்டது. என் நிலத்திலும் புல் கருகித்தான் கிடக்கிறது. அதிகாரிகள் எப்போது வந்து பார்ப்பார்கள்?

பதில்: வரமாட்டார்கள். எல்.எஃப்.பி. என்ற மேய்ச்சல் இழப்புத் திட்டம் உங்கள் புல்லைப் பார்ப்பதில்லை, அமெரிக்க அரசு பயன்படுத்தும் வறட்சி வரைபடத்தைத்தான் பார்க்கிறது. வியாழன்தோறும் வெளியாகும் அந்த வரைபடத்தில், மேய்ச்சல் பருவத்தின்போது உங்கள் கவுன்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) ஏதாவது ஒரு மூலை டி3 என்ற மிகக் கடும் வறட்சி நிலையைத் தொட்டாலே மூன்று மாதத் தொகைக்குத் தகுதி உண்டு. அதற்கும் மேலான உச்ச நிலையான டி4 என்றால் நான்கு மாதம். நல்ல மழை பெய்த பண்ணைக்கும் சில சமயம் பணம் போவது இதனால்தான். நியாயமா என்றால் இல்லை; ஆனால் வீடு வீடாக ஆய்வுக்கு ஆள் அனுப்புவதைவிட வேகம்.

பக்கத்துக்காரர் நில அறிக்கையையும் குத்தகைத் தாளையும் முன்பே எஃப்.எஸ்.ஏ. (அமெரிக்க வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை) அலுவலகத்தில் கொடுத்திருப்பார். நீங்களும் விண்ணப்பியுங்கள். மேய்ச்சல் வகையையும் சரிபாருங்கள்: நாட்டுப் புல்லுக்கு ஒரு பருவம், கோதுமை மேய்ச்சலுக்கு வேறு பருவம்.

கேள்வி: பனிப்புயலில் கன்றுகள் செத்தன. அவசரத்தில் புதைத்துவிட்டோம், போட்டோ எடுக்கவில்லை.

பதில்: கதவு மூடிவிடவில்லை. எல்.ஐ.பி. என்ற கால்நடை இறப்பு இழப்பீட்டுத் திட்டம் அந்த வகைக் கால்நடையின் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம் தரும். ஆண்டுதோறும் இயல்பாகச் சாகும் எண்ணிக்கையை முதலில் கழித்துவிடுவார்கள். ஈற்றுப் பதிவேடு, கால்நடை மருத்துவர் பில், வங்கிக் கடனுக்குக் கொடுத்த மந்தைக் கணக்கு, உங்கள் பண்ணையில் பங்கில்லாத ஒருவரின் சாட்சி எல்லாவற்றையும் திரட்டுங்கள்.

2013 அக்டோபரில் தெற்கு டகோட்டாவில் வந்த புயலில் பல்லாயிரம் மாடுகள் செத்தன. அப்போது இந்தத் திட்டமே காலாவதியாகிக் கிடந்தது. 'எதற்கும் பதிவு வைத்துக்கொள்ளுங்கள்' என்று கால்நடை வளர்ப்போர் சங்கங்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. 2014 பண்ணைச் சட்டம் திட்டத்தை முன்தேதியிட்டு உயிர்ப்பித்தபோது அந்தத் தாள்கள்தான் கைகொடுத்தன.

கேள்வி: மாட்டை ஓநாய் அடித்துக் கொன்றால்?

பதில்: அதற்கும் எல்.ஐ.பி.தான்; 2025 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு சந்தை விலையில் 100 சதவீதம். கயோட்டி என்ற ஓநாய் போன்ற சிறு விலங்கு கொன்றால் கிடையாது; அது மத்தியச் சட்டம் பாதுகாக்கும் விலங்கு அல்ல.

கேள்வி: காட்டுத்தீயில் வேலியும் தீவனக் கட்டுகளும் போய்விட்டன. எல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்பமா?

பதில்: இல்லை, இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வேலிக்கு ஈ.சி.பி. என்ற அவசரகால நிலப் பாதுகாப்புத் திட்டம்; செலவில் 75 சதவீதம் வரை கிடைக்கும். புதுக் கம்பம் நடுவதற்கு முன்பே அலுவலகத்தில் பேசிவிடுங்கள். தீவனத்துக்கும் சொந்த நிலத்து மேய்ச்சலுக்கும் ஈலாப் என்ற அவசர உதவித் திட்டம். செத்த மாட்டுக்கு எல்.ஐ.பி. 2024இல் டெக்சாஸில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்த ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ போன்ற ஒன்றில் இந்த மூன்றுமே ஒரே பண்ணைக்குத் தேவைப்படலாம்.

கேள்வி: நிவாரணப் பணத்துக்கு வரி உண்டா?

பதில்: உண்டு, அது வருமானம்தான். ஆனால் வறட்சியால் வழக்கத்தைவிடக் கூடுதலாக மாடுகளை விற்றிருந்தால், அந்தக் கூடுதல் விற்பனையின் வருமானத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட வழி இருக்கிறது. இனப்பெருக்க மாடுகள், கறவை மாடுகள் என்றால், பேரிடர் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில் நான்கு ஆண்டுகளுக்குள் மாற்று மாடு வாங்கி லாபத்துக்கான வரியை ஒத்திவைக்கலாம். வழக்கமாக எத்தனை விற்பீர்கள் என்பதற்கு முந்தைய ஆண்டுகளின் விற்பனை ரசீதுகளைக் கணக்காளரிடம் கொடுங்கள்.