வீட்டில் ஹாலோவீன் விருந்து வைக்கிறோம். அதிகம் செலவழிக்காமல் திகிலான சூழலை எப்படிக் கொண்டுவருவது?

கடைக்குப் போவதற்கு முன், ஒருநாள் இரவு வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா சுற்றி வாருங்கள். எந்த மூலைக்குப் போக உங்களுக்கே மனசு வரவில்லையோ, அங்கிருந்து ஆரம்பியுங்கள். நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சியில் அக்டோபர் 31 அன்று மாலை ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இருட்டு இலவசமாகவே கிடைக்கிறது. அதைக் கெடுக்காமல் இருந்தாலே போதும்.

என்னைக் கேட்டால், பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்குப் போடும் காசை விளக்குக்குப் போடலாம். மனித முகத்தை நாம் எப்போதும் மேலிருந்து விழும் வெளிச்சத்தில்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். அதே முகத்துக்குக் கீழிருந்து வெளிச்சம் அடித்தால் மூக்கு, புருவத்தின் நிழல்கள் மேல்நோக்கி விழும்; நன்றாகத் தெரிந்தவரே வேறு யாரோ மாதிரி ஆகிவிடுவார். அதனால் சீலிங் விளக்குகளை அணைத்துவிட்டு, சின்ன எல்.ஈ.டி. விளக்குகளைத் தரையில், சோபாவுக்குப் பின்னால், செடித்தொட்டிக்குக் கீழே வையுங்கள். ஒரு அறைக்கு ஒரே நிறம். பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று எல்லாவற்றையும் கலந்தால் கல்யாண மண்டபத்துச் சீரியல் செட் மாதிரி ஆகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த உத்திக்குச் செலவே இல்லை. ஓர் அறையில் பெரிய கண்ணாடி ஒன்றை நிறுத்தி, அதன் எதிரே ஒரு நாற்காலி போடுங்கள். உட்காருபவரின் முதுகுப் பக்கம், கண்ணாடியில் தெரியாதபடி மங்கலான ஒரு விளக்கு. "உங்கள் முகத்தையே கண் எடுக்காமல் பாருங்கள்" என்று மட்டும் எழுதி வையுங்கள். இத்தாலிய உளவியலாளர் ஜியோவானி கபூட்டோ இப்படி 50 பேரைப் பத்து நிமிடம் உட்காரவைத்து 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பலருக்குத் தங்கள் முகமே கோணலாகத் தெரிந்தது. சிலர் முன்பின் தெரியாத ஆளைப் பார்த்தார்கள். பூதம் போன்ற உருவத்தைப் பார்த்தவர்களும் உண்டு. மங்கிய வெளிச்சத்தில் ஒரே இடத்தை உற்றுப் பார்த்தால் நம் மூளையே இல்லாததை இட்டு நிரப்பிவிடுகிறது. விருந்தில் பத்து நிமிடம் யாரும் உட்காரப் போவதில்லைதான். ஆனால் ஓரிரு நிமிடத்திலேயே எழுந்து ஓடுபவர்களைப் பார்க்கலாம்.

ஒலி விஷயத்தில் அலறல் சத்தம் வேண்டவே வேண்டாம். இரண்டாவது அலறலிலேயே எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்பீக்கரை யாரும் இல்லாத அறையில், அலமாரிக்குள் வைத்து, கதவு கிரீச்சிடுவது, யாரோ நடப்பது போன்ற சத்தங்களை மெல்லிசாக, நீண்ட இடைவெளி விட்டு ஓடவிடுங்கள். "ஏதோ சத்தம் கேட்டதே?" என்று விருந்தாளி கேட்டால், "என்ன சத்தம்?" என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

புகைக்கு டிரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) இங்கே பல சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும். சுடுதண்ணீரில் போட்டால் வெள்ளைப் புகை தரையோடு தவழும், பார்க்க அபாரம். ஆனால் அது மைனஸ் 78 டிகிரி செல்சியஸ் குளிர். கெட்டியான கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். இறுக மூடிய டப்பாவில் போட்டால் வெடிக்கும். அதிலிருந்து வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். எனவே காற்றோட்டமில்லாத பேஸ்மென்ட்டில் வேண்டாம், தவழும் குழந்தை இருந்தால் வேண்டவே வேண்டாம். குடிக்கும் கிளாஸிலும் போடாதீர்கள். ஃபாக் மெஷின் வாங்கினால் வீட்டு ஸ்மோக் டிடெக்டர் கத்தக்கூடும். அதற்காக டிடெக்டரைக் கழற்றி வைக்காதீர்கள், மெஷினை வாசலுக்கு மாற்றுங்கள்.

சாப்பாட்டு மேசைக்கு ஒரு பிளாக்லைட் (புற ஊதா விளக்கு) போதும். அதன் கீழே டானிக் வாட்டர் நீலமாக ஒளிரும். அதில் கசப்புக்காகச் சேர்க்கும் குயினைன் செய்யும் வேலை அது. அப்புறம், துணி மூடிய பெட்டிக்குள் கைவிட்டுத் தடவிப் பார்க்கும் விளையாட்டு. பிணத்தின் கண் என்று நம்பவைக்கத் தோல் உரித்த திராட்சை வைக்கச் சொல்வார்கள். இந்தியக் கடை டின் லிச்சி அதைவிடப் பிரமாதம். குடல் என்று சொல்ல, எண்ணெய் தடவிய ஆறிய ஸ்பகெட்டி.

முகம்போலச் செதுக்கி உள்ளே விளக்கு வைக்கும் பூசணிக்காயை இரண்டு மூன்று நாளுக்கு முன்னால் செதுக்கினால் போதும், அதற்கு முன்பே செதுக்கினால் பூஞ்சை பிடித்துத் தொய்ந்துவிடும். மூடியைச் சாய்வாக வெட்டுங்கள், நேராக வெட்டினால் உள்ளே விழுந்துவிடும். உள்ளே பேட்டரி மெழுகுவத்திதான். பேய் வேஷத்துக்குப் போடும் தொளதொள உடைகள் சட்டென்று தீப்பற்றும்.

சின்னப் பிள்ளைகள் வந்தால் ஓர் அறையை நல்ல வெளிச்சமாக விட்டுவிடுங்கள், பயந்தவர்கள் ஒதுங்க இடம் வேண்டும். வாசல் விளக்கையும் அணைக்க வேண்டாம். அது அணைந்திருந்தால் இந்த வீட்டில் மிட்டாய் கிடையாது என்று வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் தெருப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள். வாங்கி வைத்த சாக்லேட்டை எல்லாம் நவம்பர் முழுக்க நீங்கள்தான் தின்று தீர்க்க வேண்டியிருக்கும்.