முள்ளோடையைத் தாண்டி விற்கலாமா?

கேள்வி: குழந்தைகளுக்குக் காட்டன் பாவாடை சட்டை தைத்து அக்கம்பக்கத்தில் விற்கிறேன். ஆன்லைனில் போடச் சொல்கிறாள் மகள். ஜிஎஸ்டி எண் எடுத்தே ஆக வேண்டுமா? 500 ரூபாய் விலை வைத்தால் கட்டுமா? எனக்குத் தெரிந்தவர்கள் புதுச்சேரியில்தான் அதிகம்.
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: முன்பு ஆன்லைன் சந்தையில் ஒரே ஒரு சட்டை விற்றாலும் ஜிஎஸ்டி எண் கேட்பார்கள். 2023 அக்டோபர் 1 முதல் அது தளர்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை, பான் எண்ணைக் கொடுத்து ஜிஎஸ்டி தளத்தில் என்ரோல்மென்ட் எண் ஒன்று வாங்கினால் போதும். சில விற்பனைத் தளங்கள் இதை ஏற்பதில்லை, சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தச் சலுகை சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான். கன்னியாகுமரிக்கு அனுப்பலாம், ஓசூருக்கு அனுப்பலாம். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டி புதுச்சேரிக்கு அனுப்பக் கூடாது. பஸ் ஏறினால் போய்விடுகிற ஊர்தான், ஆனாலும் ஜிஎஸ்டி கணக்கில் அது வெளி மாநிலம். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து அங்கே பார்சல் போட்டாலும் இதே விதிதான். ஆகவே முதல் ஆறு மாதம் தமிழ்நாட்டுக்குள் விற்றுப் பாருங்கள். கை பழகிய பிறகு ஜிஎஸ்டி எடுக்கலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் எடுத்துவிட்டால், விற்பனையே இல்லாவிட்டாலும் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும்.

இனி விலை. தளத்தின் கமிஷன் 15 சதவீதம், கூரியர் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 75, கூரியர் 60, இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 159 ரூபாய் 30 காசு. உங்களிடம் ஜிஎஸ்டி எண் இல்லாததால் அந்த வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. மீதி 340 ரூபாய் 70 காசு. துணி, தையல் கூலி 260, கவர் 12 போனால் கையில் நிற்பது 68 ரூபாய் 70 காசு. ஒரே ஒரு சட்டை திரும்பி வந்து, அந்தக் கூரியர் செலவும் உங்கள் தலையில் விழுந்தால் இந்த லாபம் அப்படியே கரைந்துவிடும். பத்தில் இரண்டு திரும்பும் என்று கணக்குப் போட்டு விலை வையுங்கள். 500 கட்டாது என்பதுதான் என் கருத்து.

குழந்தைத் துணி பெரும்பாலும் அளவு சரியில்லை என்றுதான் திரும்புகிறது. '3 வயது' என்று மட்டும் எழுதாதீர்கள். மார்பு, உயரம் இரண்டையும் அங்குலத்தில் எழுதுங்கள். சட்டையின் மேல் இஞ்ச் டேப்பை வைத்து ஒரு படமும் போடுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கை அனுப்பிய மயில்கழுத்து நிறப் பாவாடை திரும்பி வந்தது. கவரைப் பிரித்தால் சாயம் போன பழைய சட்டை, காலரில் கறையோடு. புகார் செய்தபோது, 'பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா?' என்றார்கள். அவளிடம் இல்லை. பணம் போனது போனதுதான். அன்று இரவு அவள் சாப்பிடவே இல்லை. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: திரும்பி வரும் ஒவ்வொரு பார்சலையும், லேபிள் எண் தெரியும்படி, இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். அனுப்பும்போதும் அப்படியே.

கேள்வி: விற்பனைக் கணக்கு தொடங்க 2,999 ரூபாய் கட்டச் சொல்லி போன் வந்தது. கட்டலாமா?
– ஒரு வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டாம். போனில் கேட்பவருக்குப் பணமும் கொடுக்காதீர்கள், ஓடிபியும் சொல்லாதீர்கள். தளத்தின் செயலிக்குள் நீங்களே போய்க் கணக்கு தொடங்குங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் இப்போதே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.