இப்போது என்ன கேட்கிறீர்கள், அக்கா?

அன்பின் அக்காவுக்கு,

கூத்தைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவள் நான். கம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். கேட்கிற பாட்டுகளை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது என் வழக்கம். போன கிழமை ஒரு கூட்டாளி, “ஏன் இதையே போட்டுக்கொண்டிருக்கிறாய், இதில அப்படி என்ன இருக்கு?” என்று கேட்டாள். “பிடிச்சிருக்கு” என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு ஸ்டேட்டஸ் போடவே கை வருகுதில்லை.

இன்னொன்று. என் உம்மம்மா பாய் இழைக்கும்போது கவி படிப்பா. ஒரு நாள் அவவுக்குத் தெரியாமல் போனில் பதிந்துவிட்டேன். ராத்திரியில் நான் கேட்பது அதைத்தான். ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஏனோ வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் இப்போது என்ன கேட்கிறீர்கள்? ஏன்? எனக்கென்று ஒன்று தருவதென்றால் எதைத் தருவீர்கள்?

வாசகி, அக்கரைப்பற்று

*

அன்பின் தங்கச்சிக்கு,

உங்கள் கூட்டாளி எந்த எண்ணத்தில் கேட்டிருந்தாலும் கேள்வி நல்ல கேள்விதான். அதற்காக ஸ்டேட்டஸ் போடுவதை நிறுத்த வேண்டாம். அடுத்த முறை பாட்டோடு ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். ராகம், தாளம் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பாட்டில் எந்த இடத்துக்காகத் திரும்பத் திரும்பப் போகிறீர்களோ அதைச் சொன்னால் போதும். சரணத்துக்கு முன் வருகிற குழலா, பாடுகிறவர் ஒரு சொல்லைச் சட்டென்று மெதுவாகச் சொல்கிற இடமா? பாட்டின் பெயரை மட்டும் தந்தால் அவள் தன் விருப்பத்தை வைத்துப் பிடிக்கும், பிடிக்காது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். இடத்தைச் சொன்னால் கொஞ்ச நேரம் உங்கள் காதால் கேட்பாள். இசையைப் பகிர்வது என்றால் எனக்கு அதுதான்.

நான் கேட்பவற்றையும் அப்படியே சொல்லப் பார்க்கிறேன்.

இந்த நாட்களில் அதிகம் கேட்பது ஒரு வடமோடிக் கூத்து, எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்தில் ஒரு வகை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கூத்தாடுகிற ஒரு களரியில் எங்கள் உறவுக்காரப் பெடியன் போனில் பதிந்து அனுப்பியது. பதிவு என்று பார்த்தால் சுத்தமில்லை. ஜெனரேட்டர் இரைகிறது, கச்சான் விற்கிறவர் குரல் கொடுக்கிறார், யாருடைய பிள்ளையோ அழுகிறது. துரியோதனன் வரவுக்குப் பிறகு ஒரு நீளமான பாட்டு வருகிறது. நான் போவது அதற்குத்தான்.

அந்தக் கூத்தரின் நிலையை நினைத்துப் பாருங்கள். தலையில் கிரீடம், இடுப்பில் விரிந்து நிற்கிற கரப்புடுப்பு, காலில் சதங்கை. அத்தனையையும் சுமந்து வட்டக்களரியைச் சுற்றி ஆடிக்கொண்டே பாடவும் வேண்டும். அடியின் கடைசிக்கு வரும்போது மூச்சு வாங்கிவிடுகிறது. கடைசிச் சொல்லில் பாதி வெளியே வருகிறது, மீதியை விழுங்கிவிடுகிறார். அந்த இடத்தில், கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரின் பக்கத்தில் நிற்கிறவர்கள் பிற்பாட்டு எடுக்கிறார்கள். அவர் விழுங்கிய சொல்லை அவர்கள் முழுதாகப் பாடிக் கொடுக்கிறார்கள். சல்லாரித் தாளம் விடாமல் விழுகிறது, மத்தளம் தன் நடையை மாற்றுவதில்லை. பிற்பாட்டில் ஒரு வயதான குரல் மட்டும் மற்றவர்களுக்கு ஒரு நொடி முந்தி வருகிறது. அவருக்கு அந்தப் பாட்டு எத்தனை காலப் பழக்கமோ, காத்திருக்க முடிவதில்லை. அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

கூத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். பார்க்கும்போது கண் கிரீடத்திலும் ஆட்டத்திலும்தான் நிற்கும், பிற்பாட்டு பின்னால் எங்கோ ஒலிக்கும். படமில்லாமல் கேட்டால்தான் ஒரு பாட்டை எத்தனை பேர் தாங்குகிறார்கள் என்று தெரிகிறது. கூத்தர் அடுத்த பக்கம் கிறுகும்போது குரல் தேய்கிறது, சுற்றி வரும்போது திரும்பவும் கிட்ட வருகிறது. வட்டக்களரியில் மட்டுந்தான் இது நடக்கும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் கர்ணன் போரையும் பிறகு இராவணேசனையும் மேடையேற்றியபோது, விடிய விடிய நடக்கிற கூத்தைச் சுருக்கி, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்குக் கொண்டுவந்தார். இராவணேசனில் மௌனகுரு இராவணனாக ஆடினார். படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்க்கச் செய்த பெரிய வேலை அது, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனாலும் குரல் போய்ப் போய் வருகிற இந்தச் சுகம் நாலு பக்கமும் சனம் சூழ்ந்த களரிக்கே உரியது. அதை ஒரு போன் பதிவு இவ்வளவு தெளிவாகப் பிடித்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மறுகா, தவில். அளவெட்டி வி. தட்சிணாமூர்த்தியின் பழைய பதிவுகள். 1933இல் பிறந்து 1975இல் போய்விட்டார், நாற்பத்திரண்டு வயது கூட நிரம்பியதோ இல்லையோ. வேகத்துக்காகத்தான் எல்லாரும் அவரைப் புகழ்வார்கள். நான் காத்திருப்பது வேகமான ஒரு கோர்வைக்குப் பிறகு அவர் கையை எடுக்கிற இடத்துக்கு. அந்த வெற்றிடமும் தாளத்துக்குள்தான் இருக்கிறது. காலையில் சமைக்கும்போது இதைப் போட்டால் கை தானாக வேலை செய்யும்.

மூன்றாவது, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த எங்கள் மட்டக்களப்புப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா என்கிற ஆட்டப்பாட்டு. புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், பத்து வருடத்தில், 1638இல், ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். கோட்டை கைமாறி இத்தனை நூற்றாண்டு ஆகியும் போர்த்துக்கேய மொழியின் ஒரு கிளை மட்டக்களப்பில் சில வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. கல்யாண வீடுகளில் வயலினும் கிற்றாரும் றபான் மேளமுமாகப் பாடி ஆடுகிறார்கள். அந்தப் பாட்டில் ஒரு சொல்கூட எனக்கு விளங்காது. அதனாலேயே கேட்கிறேன். தமிழ்ப் பாட்டென்றால் நான் உடனே சொல்லைப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன், மெட்டைப் பாதிதான் கேட்பேன். இங்கே பிடிக்கச் சொல் இல்லாததால் வயலினைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அது பாடுகிறவரின் மெட்டையே வாசித்துக்கொண்டு வந்து, அடி முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு சுழிப்புச் சேர்க்கும். அந்தச் சுழிப்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராது. நம்முடைய ஊரில், நம்முடைய பஸ்ஸில் நம்மோடு வருகிறவர்களின் பாட்டு இது. தமிழரும் முஸ்லிம்களுமாக நாம் இதை இன்னும் கூடக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

வைகாசி பிறந்தால் இதெல்லாம் ஒதுங்கிவிடும். அப்போது அம்மன் கோயில்களில் படிக்கிற கதைப் பாட்டான கண்ணகி வழக்குரைதான். உங்களுக்குப் பக்கத்தில் தம்பிலுவிலிலும், காரைதீவிலும், இங்கே எங்கள் பக்கத்துக் கோயில்களிலும் சடங்கு நடக்கும்போது ஒலிபெருக்கியில் அதைப் படிப்பது கேட்கும். கேட்டுப் பழகாதவர்களுக்கு ஒரே மாதிரி இழுப்பதுபோல் தோன்றும். பண்டிதர் வி.சீ. கந்தையா 1968இல் பதிப்பித்த நூலை மடியில் வைத்துக்கொண்டு கூடவே வாசித்துப் பாருங்கள், அந்த எண்ணம் மாறிவிடும். கோவலன் கொலையுண்டு, மதுரை எரிந்து, கடைசியில் கண்ணகியின் கோபத்தைத் தணிக்கிற குளிர்த்திக்கு வரும்போது, அவ்வளவு நேரமும் கதை கேட்டிருந்த சனம் முழுக்க எழுந்து நிற்கும். பாட்டு ஒரு தெய்வத்தின் சூட்டை ஆற்றும் என்று ஓர் ஊரே நம்பி நிற்கிற இடம். அதற்காகத்தான் கேட்கிறேன்.

ஏன் என்று கேட்டீர்கள் அல்லவா? அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்ட ஒருவர் உங்கள் பக்கத்திலேயே பிறந்தார். நீங்கள் கல்முனைக்குப் போகிற வழியில் நிந்தவூர் தாண்டினால் காரைதீவு. விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையைப் படிக்கிறவர்கள் அங்கே வருகிற இசைச் செய்திகளை வியந்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். விஞ்ஞானம் படித்த அவருக்கு வியப்பு மட்டும் போதவில்லை. வழக்கிலிருந்து மறைந்துபோன யாழ்கள் எப்படி இருந்திருக்கும், நரம்புகள் எந்தக் கணக்கில் நின்றிருக்கும் என்று வருடக் கணக்காகக் கணக்குப் போட்டார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அந்த ஆராய்ச்சியான யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி காலமானார். கல்லடி உப்போடையில் சிவானந்தா பாடசாலை வளவில் அவருடைய சமாதி இருக்கிறது. மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலத்தில் எழுகிற இசையையும் அவர் விடவில்லை, நீரில் வாழும் நீரர மகளிர் பாடுவதாகப் பாட்டே எழுதினார்.

அந்த வாவிச் சத்தத்தைக் கேட்கிற முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு வைப்பார்கள். மீன்தான் பாடுகிறது என்பார்கள் சிலர், ஊரி என்கிற நீர் நத்தையின் சத்தம் என்பார்கள் சிலர். சும்மா கரையில் நின்றுவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்று திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். துடுப்பை வைக்க யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

உங்களுக்கென்று ஒன்று கேட்டீர்கள். அந்தக் கூத்துப் பதிவைத் தருகிறேன். பதிந்த பெடியனிடமும் அண்ணாவியாரிடமும் கேட்டுவிட்டேன், இருவருக்கும் சந்தோஷம். உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். இயர்போனில் கேட்க வேண்டாம். தூரத்தில் பாயில் இருக்கிற சனத்துக்காகப் பாடப்பட்டது அது, காதுக்குள் வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். போனை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்து கேளுங்கள். முதல் தடவை பிற்பாட்டை மட்டும் கேளுங்கள். அந்த முந்துகிற குரல் உங்களுக்கும் பிடிபடும்.

அப்புறம் உம்மம்மா. வெட்கப்பட அதில் ஒன்றுமே இல்லை, தங்கச்சி. எனக்கு வந்த கடிதங்களில் இவ்வளவு அருமையான ஒன்றைக் கேட்கிறேன் என்று எழுதியவர்கள் குறைவு. வயல் காவலிலும் அடுப்படியிலும் பாய் இழைக்கிற இடத்திலும் நம்முடைய கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் மச்சானுக்கும் மச்சிக்கும் கட்டிய கவிகள் எத்தனையோ. கொஞ்சம் புத்தகங்களில் ஏறியிருக்கின்றன. ஏறியவையும் சொல்லாகத்தான் ஏறின. இரண்டாம் அடியின் முடிவில் உங்கள் உம்மம்மா குரலை எவ்வளவு தூரம் இழுப்பா, எங்கே மூச்சு விடுவா என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது உங்கள் போனில்தான் இருக்கிறது.

ஆனால் அவவுக்குத் தெரியாமல் வைத்திருக்க வேண்டாம். முதலில் அவவுக்கே போட்டுக் காட்டுங்கள். அவ விரும்பாவிட்டால் யாருக்கும் அனுப்பாதீர்கள், ஸ்டேட்டஸிலும் போடாதீர்கள். குரல் அவவுடையது. விரும்பினால் பக்கத்தில் இருந்து கேளுங்கள்: இதை யாரிடம் படித்தீர்கள், எந்த வயல் வட்டையில், என்ன வேலை செய்யும்போது? இது யாருக்காகக் கட்டிய கவி? சொல்லச் சொல்ல வேறு கவிகளும் நினைவுக்கு வரும். அப்போது ஃபேனை நிறுத்திவிட்டு, போனை அவவுக்குக் கிட்டத் தரையில் வைத்துப் பதியுங்கள். திகதியையும் ஊரையும் பதிவின் தொடக்கத்தில் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தேடும்போது உதவும். பாய் இழைக்கிற பன்புல் இழுபடுகிற சத்தம் பதிவில் விழுந்தால் அதை வெட்டிவிடாதீர்கள், கவியின் நடை அந்தக் கை வேலையோடுதான் போகும்.

அவ சம்மதித்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். சம்மதிக்காவிட்டால், ராத்திரியில் நீங்கள் எந்த இடத்துக்காக அதைத் திரும்பக் கேட்கிறீர்கள் என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா
கல்லடி